தரம் இருந்தால் சனம் வருமா?



பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பழைய மாணவர் சங்கக் கூட்டம் இருக்கிறது. அதற்கு முதல் எங்கள் மனதில் உள்ளதை எல்லோரும் வாசிக்கக் கூடியதாக எழுதி வைப்போம் என்று நினைத்தோம். "நாம்" என்று இங்கே எழுதுவது, பின்னேரங்களில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கும் ஆசிரியர்கள் மூன்று பேரின் சார்பில். இது அதிபருடைய கருத்தோ பாடசாலையின் முடிவோ இல்லை.

விஷயம் உங்களுக்குத் தெரியும். கட்டாரில் தொழில் செய்யும் எங்கள் பழைய மாணவர்கள் பாடசாலை உதைபந்தாட்ட அணிக்கென்று ஒரு தொகை சேர்த்திருக்கிறார்கள். அந்த வெயிலில் உழைத்த காசில் ஒரு பங்கை ஊர்ப் பாடசாலைக்கு ஒதுக்கிய மனம் பெரியது. அல்லாஹ் அவர்களுடைய உழைப்பில் பரகத் செய்வானாக. அவர்களுடைய யோசனை இதுதான்: 20 வயதுக்குட்பட்ட அணிக்கு வெளியூர்ப் பாடசாலைகளிலிருந்து நாலு கெட்டிக்கார வீரர்களை எடுப்பது, தங்குமிடமும் சாப்பாடும் மாதக் கொடுப்பனவும் கொடுப்பது, இரண்டு வருடத்துக்குள் மாகாணக் கிண்ணத்தைக் கொண்டுவருவது. குழுமத்தில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "தரமில்லாத மெச்சப் பார்க்க ஆரு வருவா சேர்? புரொபெஷனல் லெவலுக்குக் கொண்டு வாங்க, சனம் தன்னால வரும்."

அந்தத் தம்பி சொன்னதை நாம் லேசாக எடுக்கவில்லை. எங்கள் மைதானத்தில் நடந்த கடைசி வலயமட்ட அரையிறுதியில் பார்வையாளர்களை எண்ணினோம். முப்பத்தேழு பேர். அதில் ஆறு பேர் சவாரி இல்லாமல் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதிகள், ஒருவர் ஐஸ்கிறீம் விற்பவர். ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி நடந்த இரவு விளையாட்டுக் கழகத்தின் திரைக்கு முன்னால் நிற்கவும் இடமில்லை. நள்ளிரவு தாண்டியும் ஒருவரும் அசையவில்லை. ஆகவே கேள்வி நியாயமானது. தரம்தான் சனத்தைக் கொண்டுவருகிறதா?

இதைச் சோதித்துப் பார்க்க உலகத்தில் நல்லதொரு இடம் இருக்கிறது, அமெரிக்கா. நாம் விளையாடும் உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தலைக்கவசம் போட்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி மோதுகிற அவர்களுடைய புட்போலைப் பற்றிச் சொல்கிறோம். ஒரே நாடு, ஒரே விளையாட்டு. ஆனால் அது இரண்டு வகையாக நடக்கிறது. சனிக்கிழமைகளில் கல்லூரி அணிகள், ஞாயிற்றுக்கிழமைகளில் தொழில்முறை அணிகள். அங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகம் என்று விளங்கிக்கொள்ளுங்கள். இங்கே பாடசாலைக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டோம்.

தரத்தில் எது மேல் என்று அங்கே வாக்குவாதமே இல்லை. தொழில்முறை லீக்கான என்.எப்.எல்.லில் இருப்பது 32 அணிகள் மட்டும். கல்லூரியில் விளையாடும் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அந்த லீக்குக்குப் போவதில்லை. வடித்தெடுத்த வீரர்கள்தான் அங்கே விளையாடுகிறார்கள். கல்லூரி மெச்சில் பந்து கை நழுவும், திட்டம் பிழைக்கும், ஒரு பக்கம் அறுபது புள்ளி எடுத்து மற்றப் பக்கம் ஒன்றுமில்லாமல் போவதும் நடக்கும்.

அப்படியென்றால் சனம் எங்கே கூடவேண்டும்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானம் இருக்கும் ஆன் ஆபர் நகரத்தின் சனத்தொகை 1 இலட்சத்து 20 ஆயிரம் அளவில்தான். மைதானத்தில் ஆசனங்கள் 107,601. தொழில்முறை அணிகள் 32இல் ஒன்றுக்கும் அந்த அளவு மைதானம் கிடையாது. 1975ஆம் ஆண்டிலிருந்து, கொரோனா வருடத்தைத் தவிர்த்துப் பார்த்தால், அங்கே நடக்கும் ஒவ்வொரு மெச்சுக்கும் ஒரு இலட்சத்துக்கு மேல் சனம் வருகிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் தொழில்முறை அணியே இல்லை. அங்கே பல்கலைக்கழக மைதானத்தின் டிக்கெட்டுகள் 1962 முதல் ஒவ்வொரு மெச்சுக்கும் விற்றுத் தீர்ந்துவிடுகின்றன என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அணி நல்லாக விளையாடிய வருடமும் வந்தார்கள், தோற்றுக் கிடந்த வருடமும் வந்தார்கள்.

நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். தொலைக்காட்சியில் தொழில்முறை ஆட்டத்தை வெல்ல ஒன்றுமில்லை. அவர்களுடைய இறுதிப்போட்டியான சுப்பர் போலைப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட சனம் பார்க்கிறது. அந்த லீக்கில் நாம் படிக்கவேண்டிய நல்ல ஒழுங்குகளும் இருக்கின்றன. 1936 முதல் புது வீரர்களைத் தெரிவு செய்யும்போது, போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. 1994 முதல் ஒரு அணி சம்பளத்துக்குச் செலவழிக்கும் தொகைக்கு ஒரு எல்லை. காசுள்ளவன் எல்லோரையும் வாங்கிவிடக் கூடாது என்று காசுக்காக நடத்தும் லீக்கே சட்டம் போட்டிருக்கிறது. கல்லூரிப் பக்கத்தில் நீண்ட காலம் அப்படி ஒன்று இருக்கவில்லை. பெரிய பெயருள்ள பல்கலைக்கழகங்களே நல்ல பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டு போயின.

ஆக, வீட்டில் இருந்து பார்க்கிறவனை இழுப்பது தரம். எழும்பி, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலில் மைதானத்துக்கு வரவைப்பது வேறொன்று. அது என்ன என்று விளங்க ஒரு இரவைச் சொல்லவேண்டும்.

1984 மார்ச் 28ஆம் திகதி இரவு. பால்டிமோர் நகரத்தில் கோல்ட்ஸ் என்ற தொழில்முறை அணி முப்பது வருடமாக இருந்தது. அப்பனும் மகனும் பேரனும் பார்த்த அணி. உரிமையாளருக்கும் நகரத்துக்கும் மைதானம் தொடர்பாகப் பிரச்சினை. அன்றிரவு லொறிகள் வந்தன. சாமான்கள், உடுப்புகள், கிண்ணங்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அணி இண்டியானாபொலிஸ் நகரத்துக்குப் போய்விட்டது. விடிந்து எழும்பியபோது ஊருக்கு அணி இல்லை. போகாமல் நின்றது ஒன்றுதான், அணியின் வாத்தியக் குழு. வாசிக்க அணி இல்லாமலே அந்தக் குழு பன்னிரண்டு வருடம் கலையாமல் இருந்தது.

கல்லூரி அணியை அப்படி லொறியில் ஏற்ற முடியாது. அது ஒருவருடைய சொத்து இல்லை. அங்கே படித்தவர், படிப்பிப்பவர், அந்த ஊரில் கடை வைத்திருப்பவர் எல்லோரும் அதற்கு உரித்துள்ளவர்கள். போன வருடம் வகுப்பில் பக்கத்தில் இருந்தவன் இந்த வருடம் மைதானத்தில் நிற்கிறான். தொழில்முறை லீக்கிலும் இப்படி ஒரே ஒரு அணி இருக்கிறது, கிரீன் பே பெக்கர்ஸ். ஒரு இலட்சத்துச் சொச்சம் சனமுள்ள சின்ன நகரம். அந்த அணிக்கு ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள். இலாபப் பங்கு ஒரு சதமும் கிடையாது, பங்கை இலாபத்துக்கு விற்கவும் ஏலாது. ஆனாலும் வாங்குகிறார்கள். அந்த அணியை எந்த லொறியும் கொண்டுபோகவில்லை.

இன்னொரு காட்சி. ஐயோவா பல்கலைக்கழக மைதானத்துக்குப் பக்கத்திலேயே சிறுவர் வைத்தியசாலை ஒன்று உயர்ந்து நிற்கிறது. மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றால் மைதானம் தெரியும். நோயாளிப் பிள்ளைகளும் தாய் தகப்பன்மாரும் அங்கிருந்து பார்ப்பார்கள். 2017இல் ஒரு ரசிகை பேஸ்புக்கில் ஒரு யோசனை எழுதினார். அன்றிலிருந்து ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும், கிட்டத்தட்ட 70 ஆயிரம் சனமும் இரண்டு அணி வீரர்களும் நடுவர்களும் அந்த மாடியைப் பார்த்துத் திரும்பிக் கை அசைக்கிறார்கள். எதிரணிக்காரரும்தான். இதற்கும் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊரும் விளையாட்டும் ஒன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் நடக்கக் கூடிய காரியம் இது.

எங்கள் ஆட்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்ற நகரத்தில் ஃபோர்ட்சன் என்ற உயர்நிலைப் பாடசாலை. மாணவர்களில் பெரும்பாலானோர் அரபு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். ஓகஸ்ட் மாதக் கடும் வெயிலில் ரமழான் வந்தது. அணியின் பயிற்சி பகலில்தான் வழக்கம். நோன்பையும் விடமாட்டோம், பயிற்சியையும் விடமாட்டோம் என்று பிள்ளைகள் நின்றார்கள். பயிற்சியை இரவுக்கு மாற்றினார்கள். நோன்பு திறந்து, தொழுது, இரவில் மைதான விளக்கில் ஓடினார்கள். 2011இல் அதை ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். அந்த அணி அந்த ஊரின் அணி என்பதால்தான் நேரம் ஊருக்கு ஏற்றபடி மாறியது. வெளியிலிருந்து காசுக்கு எடுத்த பதினொரு பேர் என்றால் யார் யாருக்காக மாறப்போகிறார்?

தொழில்முறை ஆட்டத்தைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கம் இல்லை. தொழில் ஹலாலானது, மரியாதையானது. ஹம்ஸா அப்துல்லாஹ், ஹுஸைன் அப்துல்லாஹ் என்ற சகோதரர்கள் இருவரும் அந்த லீக்கில் விளையாடியவர்கள். 2012இல் ஹஜ் கடமைக்காக ஒரு முழுப் பருவத்தையும் இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். 2014இல் கன்சாஸ் சிட்டி அணிக்காக ஹுஸைன், பெரிய பெயருள்ள டொம் பிரெடி எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப் புள்ளி எடுத்தார். உடனே மைதானத்திலேயே ஸுஜூதில் விழுந்தார். நடுவர் அதற்குத் தண்டனை கொடுத்தார். அடுத்த நாள் லீக்கே, அது பிழை, தண்டனை கொடுத்திருக்கக் கூடாது என்று அறிவித்தது. தொழில் என்றால் விதி இருக்கும், ஒப்பந்தம் இருக்கும், வீரர்களுக்குச் சங்கம் இருக்கும், பிழை நடந்தால் கேட்க ஆள் இருக்கும். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு சுத்தத் தங்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். அங்கே நடந்தது பெரிய அநியாயம். டிக்கெட்டிலும் தொலைக்காட்சி உரிமையிலும் கோடி கோடியாக டொலர் வந்தது. பயிற்றுநர்களில் சிலருக்கு வருடச் சம்பளம் 10 மில்லியன் டொலருக்கும் மேல். பல மாநிலங்களில் அரச சம்பளம் வாங்குவோரில் ஆகக் கூடுதலாக வாங்குபவர் ஆளுநரும் இல்லை, வைத்தியரும் இல்லை, புட்போல் பயிற்றுநர். விளையாடி எலும்பு முறிந்த பிள்ளைக்குக் கிடைத்தது படிப்புச் செலவு மட்டும். "நீ மாணவன், காசு கேட்கக் கூடாது" என்று பல பத்து வருடம் சொன்னார்கள். 2021இல் உச்சநீதிமன்றம் ஒன்பது நீதியரசர்களும் ஒரே முடிவாக மாணவர்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருடம் ஜூலை முதல் பிள்ளைகள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து உழைக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் பல்கலைக்கழகங்களே வருடத்துக்கு 20.5 மில்லியன் டொலர் வரை தங்கள் விளையாட்டு வீரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க நீதிமன்றம் வழிவிட்டது.

பிள்ளைக்குச் சேரவேண்டியது பிள்ளைக்குச் சேர்ந்தது நல்லதுதான். ஆனால் அதே நேரத்தில் பெரியவர்கள் காசின் பின்னால் போனதில் உடைந்தவையும் இருக்கின்றன. முதல் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் மாறினால் ஒரு வருடம் விளையாடாமல் இருக்கவேண்டும். இப்போது அந்தத் தடை இல்லை. ஒவ்வொரு பருவமும் ஆயிரக்கணக்கானோர் மாறுகிறார்கள். நாலு வருடத்தில் மூன்று உடுப்பு போட்டவர்களும் இருக்கிறார்கள். மேற்குக் கரையில் நூறு வருடத்துக்கு மேல் பழைய ஒரு கூட்டணி இருந்தது. தொலைக்காட்சிக் காசுக்காகப் பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் 2024இல் அதைவிட்டுப் போய்விட்டன. லொஸ் ஏஞ்சலிஸ் பிள்ளைகள் இப்போது ஒரு லீக் ஆட்டத்துக்காக நாலாயிரம் கிலோமீற்றர் பறந்து நியூ ஜேர்சியிலுள்ள ரட்கர்ஸ் வரைக்கும் போகவேண்டிய நிலை. அமெரிக்காவின் முதலாவது கல்லூரி மெச் நடந்ததும் அதே ரட்கர்ஸில்தான். 1869 நவம்பர் 6, பக்கத்து ஊரான பிரின்ஸ்டனுக்கு எதிராக, ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4. அன்றைக்கு விளையாடியதும் ஏறக்குறைய எங்களைப் போலத்தான். பந்தைக் கையில் தூக்கி ஓட அனுமதி இருக்கவில்லை. பக்கத்து ஊரோடு போட்டி என்று தொடங்கியது இன்றைக்கு ஒரு கண்டத்தைக் கடந்து போகிறது.

அந்தப் பழைய கூட்டணியில் கடைசியில் அநாதரவாக மிஞ்சியவை இரண்டு பல்கலைக்கழகங்கள். அதில் ஒன்று வொஷிங்டன் ஸ்டேட். மேலே சொன்ன அப்துல்லாஹ் சகோதரர்கள் இருவரும் படித்து விளையாடியது அங்கேதான். பெரிய நகரத்திலிருந்து தூரத்தில் இருக்கும், காசு குறைந்த இடம். விட்டுப் போனவர்களுக்கு அந்த ஊர் கணக்கில் வரவில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம்.

பாடசாலை விளையாட்டின் ஈர்ப்பு எங்கள் நாட்டுக்குப் புதிதில்லை. 1879இல் தொடங்கிய றோயல், தோமியன் கிரிக்கெட் சமருக்கு வருகிற பழைய மாணவர்களில் பலர் வேறு எந்த மெச்சுக்கும் வருவதில்லை. உதைபந்தாட்டத்தில் எங்களுக்கு வேறு வழியும் குறைவு. 2023 ஜனவரியில் ஃபிஃபா எங்கள் நாட்டு சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. தேசிய மட்டத்தில் நிலைமை அப்படி இருக்கும்போது, இந்த விளையாட்டை உயிரோடு வைத்திருப்பது இப்படியான பாடசாலை மைதானங்கள்தான். அந்த மைதானத்தில் யார் விளையாடப் போகிறார்கள் என்பதுதான் வெள்ளிக்கிழமைக் கேள்வி.

எங்கள் அணித்தலைவனுக்கு நடந்ததைச் சொல்லாமல் இதைப் பேச ஏலாது. அவனிடமும் அவனுடைய வாப்பாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறோம், பெயர் போடவில்லை. க.பொ.த. சாதாரண தரம் எழுதிய கையோடு தூரத்து நகரத்தில் ஒரு பெரிய பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தது. வாப்பா சந்தையில் மீன் வியாபாரம். சாறத்தை மடித்துக் கட்டியபடியே ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று கேட்டார்: "சேர், நீங்க சொல்லுங்க. போகட்டுமா?" நாம் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவன் போனால் எங்கள் நடுக்களம் காலி என்று தெரியும். போகட்டும் என்றுதான் சொன்னோம். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எங்கள் வலயக் கிண்ணத்துக்காகப் பிடித்து வைக்க எங்களுக்கு என்ன உரிமை? விடுகைப் பத்திரத்தில் "நன்னடத்தை" என்று எழுதிக் கொடுத்தோம்.

ஏழு மாதம் நல்லாகப் போனது. பிறகு முழங்காலில் அடிபட்டது. முதல் மாதம் பார்த்தார்கள். இரண்டாம் மாதம் கொடுப்பனவு நின்றது. மூன்றாம் மாதம் விடுதியில் இடம் தேவைப்படுகிறது என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை, யாரிடம் போய்க் கேட்பது? அவர்கள் வாக்குக் கொடுத்தது விளையாடும் பிள்ளைக்கு. விளையாடாத பிள்ளைக்கு வாக்கே இல்லை. நடுவில் விட்ட உயர்தர வகுப்பில் திரும்பச் சேர வெட்கப்பட்டு அவன் இப்போது விடியற்காலையில் வாப்பாவோடு சந்தைக்குப் போகிறான்.

அந்தப் பாடசாலையைப் பற்றி எங்கள் ஊரில் பேசாத வாய் இல்லை. "ஊருட பிள்ளைய எடுத்துப் பிழிஞ்சிட்டு எறிஞ்சிட்டாங்க" என்று தேத்தண்ணிக் கடையில் பேசினோம், பள்ளி முற்றத்தில் பேசினோம். இப்போது அதையே நாம் வேறொரு ஊரின் நாலு பிள்ளைகளுக்குச் செய்ய யோசிக்கிறோம்.

பால்டிமோர் கதைக்கு ஒரு இரண்டாம் பாகம் உண்டு. அணி பறிபோய்ப் பன்னிரண்டு வருடம் அழுத அந்த நகரம், 1996இல் ஒரு அணியைப் பெற்றது. எப்படி? கிளீவ்லாந்து நகரத்தின் அணியை, அதன் உரிமையாளரோடு பேசி, புது மைதானம் தருவதாகச் சொல்லிக் கூட்டிவந்தது. தங்களுக்கு அந்த இரவு எப்படி இருந்தது என்று உலகத்திலேயே ஆகக் கூடுதலாகத் தெரிந்த ஊர், இன்னொரு ஊருக்கு அதையே செய்தது. கிளீவ்லாந்து மூன்று வருடம் அணியில்லாமல் இருந்தது. நாம் எடுக்க நினைக்கும் நாலு பேரும் ஆகாயத்திலிருந்து விழப்போவதில்லை. அவர்களுடைய பாடசாலையிலும் பின்னேரத்தில் வெயிலில் நிற்கும் ஒரு ஆசிரியர் இருப்பார்.

"அந்தப் பிள்ளைகளுக்கும் நன்மைதானே சேர்?" என்று கேட்பீர்கள். நன்மையாக இருக்கக் கூடும். நாம் எங்கள் பிள்ளையைப் போகச் சொன்னதும் அதனால்தான். ஆனால் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? விளையாட முடியாமல் போனாலும் உயர்தரம் எழுதும்வரை விடுதியும் சாப்பாடும் கிடைக்குமா? மாகாணக் கிண்ணம் வராவிட்டால் இரண்டாம் வருடம் அவர்களுக்கு என்ன நடக்கும்? தொழில்முறை வீரனுக்கு ஒப்பந்தமும் சங்கமும் இருப்பதாகச் சொன்னோமே, இந்தப் பிள்ளைகளுக்கு அது ஒன்றும் இருக்காது. தொழிலின் கஷ்டம் முழுவதும் அவர்கள் தலையில், தொழிலின் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவே நீதிமன்றம் சொல்லித் திருந்தவேண்டி வந்த பிழை அது. பதினேழு வயதுப் பிள்ளையோடு நாம் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

எங்கள் பிள்ளைகளில் நாலு பேர் பெஞ்சுக்குப் போவதையும் யோசியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து வருகிற பிள்ளைகள். தம்பி ஒருவன் மூன்று வருடமாக அண்ணனுடைய பழைய பூட்ஸில் கடதாசி அடைத்து விளையாடுகிறான். அவனிடம் போய், இனி நீ தண்ணீர்ப் போத்தல் தூக்கு என்று சொல்லவேண்டியவர்கள் நாம். அவன் மைதானத்தில் நின்றால் அவனுடைய மாமாவும் சாச்சாவும் ஒரு நாள் எட்டிப் பார்க்கவாவது வருவார்கள். வெளியூர்ப் பிள்ளையைப் பார்க்க எங்கள் ஊரில் யார் வரப்போகிறார்கள்? கிண்ணம் வந்த நாளில் ஊர்வலம் போவோம், வெடி போடுவோம். அடுத்த மெச்சுக்கு அதே முப்பத்தேழு பேர்தான் நிற்பார்கள்.

அப்படியானால் அந்தக் காசை என்ன செய்வது? எங்கள் யோசனைகள் இவை. மழை பெய்தால் மைதானத்தின் கிழக்குப் பக்கம் ஒரு கிழமைக்குத் தண்ணீர் நிற்கிறது, வடிகான் வெட்டவேண்டும். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் முட்டையும் ஒரு தேத்தண்ணியும் கொடுக்கவேண்டும். வீட்டில் பகல் சாப்பிடாமல் வருகிறவன் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். பத்து அளவில் இருபது சோடி பூட்ஸ் வாங்கிப் பாடசாலையில் வைத்தால், பிள்ளை வளர வளர மாற்றிக் கொடுக்கலாம். அடிபட்டால் பாவிக்க ஒரு சிறு நிதி, எங்கள் அணித்தலைவனின் முழங்கால் சிகிச்சையிலிருந்து அது தொடங்கட்டும். 12 வயதுக்குட்பட்ட அணிக்கு ஒரு உதவிப் பயிற்றுநர், சிறு கொடுப்பனவோடு. அந்த வேலைக்கு யாரை நினைக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. பின்னேரங்களில் அவன் இப்போதே வேலியோரம் வந்து நின்று சின்னவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கிறான். இரவு வகுப்பில் சேர்ந்து உயர்தரம் எழுதுவதாக ஒப்புக்கொண்டால்தான் கொடுப்பனவு என்றும் ஒரு நிபந்தனை போடுவோம்.

கடைசியாக ஒன்று, இதற்குக் காசு பெரிதாகத் தேவையில்லை. மைதானத்தின் பள்ளிப் பக்க மதிலோரம் உம்மாமாருக்கென்று ஒரு பந்தலும் பிளாஸ்டிக் கதிரைகளும். ஐந்து வருடமாக மகனுடைய உடுப்பில் ஒட்டிய சேற்றைக் கழுவும் தாய்மார், மகன் ஒரு கோல் அடிப்பதைக் கண்ணால் கண்டதில்லை. "அவன் நல்லா விளையாடுறானா சேர்?" என்று பெற்றோர் கூட்டத்தில் எங்களிடம் கேட்கிறார்கள். அவர்களே வந்து பார்க்கட்டும்.

இப்படிச் செய்தால் மாகாணக் கிண்ணம் வருமா? இரண்டு வருடத்தில் வராது. ஐந்து வருடத்தில் வரலாம், வராமலும் போகலாம். வரும் என்று வாக்குத் தர எங்களுக்கு மனம் இல்லை. கட்டாரில் இருக்கும் தம்பிமாருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களும் இதே மைதானத்தில், வடிகான் இல்லாத அதே கிழக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்து விளையாடியவர்கள்தான். உங்கள் இடத்தில் அன்றைக்கு யாராவது நாலு பேரைக் காசுக்கு எடுத்திருந்தால், இன்றைக்கு இந்தப் பாடசாலைக்குக் காசு அனுப்ப நீங்கள் நினைத்திருப்பீர்களா என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். எங்களோடு உடன்படாதவர்கள் கட்டாயம் வாருங்கள், முகத்துக்கு நேரே பேசுவோம். அதற்கு முதல், வருகிற புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, 4.15க்கு, பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு எங்கள் மைதானத்தில் சிநேகபூர்வ ஆட்டம் இருக்கிறது. மஃரிபுக்கு முன் முடிந்துவிடும். அவர்களுடைய ஆசிரியர் பிள்ளைகளோடு பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். முப்பத்தெட்டாவது ஆளாக நீங்கள் வந்து நின்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியும்.

வஸ்ஸலாம்.